நன்னீர்த் தொட்டியில் அசல் விலாங்கு வளர்ப்பது குறித்து

கரைமேடு:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 120 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் 50 செ.மீ. உயரமும் கொண்ட நன்னீர்த் தொட்டி ஒன்று உள்ளது. வடிகட்டி நன்றாக நிலைபெற்று, அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியத்தில் இருக்கின்றன. தற்போது அதில் ஒரு கூட்டம் டெட்ராக்களும் நடுத்தர அளவுள்ள இரண்டு சிக்லிட்களும் வாழ்கின்றன. விலாங்கு ஒன்றை வளர்க்க வேண்டும் என்பது எனது நெடுநாள் ஆசை. ஆரல் வகைகளை நான் கேட்கவில்லை. ஆற்றிலும் கடலிலும் வாழ்கின்ற அசல் விலாங்கைத்தான் கேட்கிறேன். மீன் விற்பவர் ஒருவர் 'நன்னீர் விலாங்கு' என்று சொல்லி ஒரு குட்டியைக் காட்டினார். அதற்கு உப்பு சேர்க்க வேண்டுமா, இப்போதுள்ள மீன்களோடு விடலாமா, இந்தத் தொட்டியின் அளவு போதுமா என்பவற்றை அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

நெடுந்துடுப்பு:

வணக்கம் நண்பரே. உப்பையும் அளவையும் பற்றிப் பேசுவதற்கு முன், நீங்கள் பார்த்தது எந்த உயிரி என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். பாம்பு போல நீண்டிருக்கும் எதையும் விலாங்கு என்று விற்பது இத்துறையில் வழக்கம். பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுவது விலாங்கு என்பார்கள். விற்பனையில் அந்த வேலையை மற்ற மீன்கள் செய்கின்றன.

பார்க்க வேண்டியவை சிலவே. முதுகுத் துடுப்புக்கு முன்னால் தனித்தனியான சிறு முட்கள் வரிசையாக நின்று, மூக்கு கூராகவும் சதைப்பற்றோடும் நீண்டிருந்தால் அது ஆரல் குடும்பம். முதுகு நெடுகச் சிறு கொடிகள் நட்டது போலத் துண்டு துண்டான துடுப்புகளும், தொட்டால் கடினமாக உணரப்படும் செதில்களும் இருந்தால் அது ஆப்பிரிக்கக் கயிற்றுமீன். துடுப்பு என்று சொல்லத்தக்க எதுவுமே இல்லாமல், செவுள் திறப்பும் தொண்டைக்கு அடியில் ஒரே பிளவாக இருந்தால் அது சேற்று விலாங்கு; பெயரில் விலாங்கு இருந்தாலும் உறவில் ஆரலுக்கே நெருக்கமானது. மின்விலாங்குக்கு முதுகுத் துடுப்பே கிடையாது. வீட்டுத் தொட்டியில் அதற்கு இடமும் கிடையாது.

அசல் நன்னீர் விலாங்கு என்பது ஆங்குவில்லா பேரினத்தைச் சேர்ந்தது. அதற்குத் தலைக்குப் பின்னால் இரு பக்கமும் சிறிய மார்புத் துடுப்புகள் இருக்கும். வயிற்றுத் துடுப்புகள் இருக்காது. முதுகுத் துடுப்பும் வால் துடுப்பும் அடித்துடுப்பும் இடையில் எங்கும் அறுபடாமல் ஒரே நாடாவாக உடலைச் சுற்றி ஓடும். கீழ்த்தாடை மேல்தாடையைவிடச் சற்று முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். முன் நாசித் துளைகள் இரண்டும் மூக்கின் நுனியில் சிறு குழல்களாகத் துருத்தி நிற்கும். இவற்றை நேரில் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கரைமேடு:

மீண்டும் சென்று பார்த்தேன். சுமார் 20 செ.மீ. நீளம் இருக்கும். முட்கள் இல்லை, துடுப்பு தொடர்ச்சியாக ஓடுகிறது, மார்புத் துடுப்புகள் தெளிவாகத் தெரிகின்றன. கீழ்த்தாடையும் நாசிக் குழல்களும் நீங்கள் சொன்னபடியே இருக்கின்றன. புள்ளியோ கோடோ இல்லாத ஆலிவ் நிறம். வயிறு வெளிர் மஞ்சள்.

நெடுந்துடுப்பு:

அப்படியென்றால் அது ஆங்குவில்லாதான். ஒன்றை மட்டும் கூடுதலாகப் பாருங்கள்: முதுகுத் துடுப்பு எங்கே தொடங்குகிறது? ஏறக்குறைய ஆசனவாய்க்கு நேர் மேலே தொடங்கினால், வெப்பமண்டலத்தைச் சேர்ந்த குறுந்துடுப்பு விலாங்காகிய பைகலராக இருக்கலாம். அதைவிட வெகு முன்னதாகத் தொடங்கி, உடலில் புள்ளியும் இல்லையென்றால் ஐரோப்பிய, அமெரிக்க அல்லது ஜப்பானிய விலாங்காக இருக்கலாம். இதைக் கேட்பது வெறும் வகைப்பாட்டு ஆர்வத்தால் அன்று. வெப்பநிலை இதைப் பொறுத்தே அமையும். பைகலர் 25 முதல் 29 பாகை வரை நன்றாக இருக்கும். குளிர்நாட்டு இனங்களை ஆண்டு முழுவதும் அந்த வெப்பத்தில் வைத்திருப்பது சரியில்லை. அவற்றுக்கு 15 முதல் 23 பாகை வரை போதும், ஹீட்டரே தேவைப்படாமலும் போகலாம்.

உவர்க்கழி:

நான் சற்று மாறுபடுகிறேன். விலாங்கு கடலில் பிறப்பது. முழு நன்னீரில் அது சில மாதங்களில் உணவை நிறுத்தி மெலிந்து இறந்துவிடும். என்னிடம் 'நன்னீர் விலாங்கு' என்று விற்கப்பட்ட மீனுக்கு அப்படித்தான் ஆகத் தொடங்கியது. உப்புச் செறிவைப் படிப்படியாக உயர்த்திய பின்னரே அது மீண்டும் உண்ணத் தொடங்கியது. எனவே தொடக்கத்திலேயே உவர்நீராக அமைப்பதுதான் பாதுகாப்பு.

நெடுந்துடுப்பு:

உங்கள் மீனுக்கு மார்புத் துடுப்பு இருந்ததா, உவர்க்கழி அவர்களே? உடலில் பொன்மஞ்சள் நிறச் சிறு பொட்டுகள் இருந்தனவா?

உவர்க்கழி:

மார்புத் துடுப்பு இல்லை. பொட்டுகள் இருந்தன.

நெடுந்துடுப்பு:

அது மோரே குடும்பத்தைச் சேர்ந்த மீன். பெரும்பாலும் ஜிம்னோதோராக்ஸ் டைல் என்ற இனமாக இருக்கும். ஆற்று முகத்துவாரங்களிலும் சேற்றுக் கழிகளிலும் வாழ்வதால், பிடித்தவர்கள் அதை நன்னீர்த் தொட்டிகளில் வைத்து அப்படியே விற்றுவிடுகிறார்கள். அதுவும் அசல் விலாங்கு வரிசையைச் சேர்ந்ததுதான். ஆனால் நீண்ட காலம் வாழ அதற்கு உவர்நீர் வேண்டும். நீங்கள் உப்பை உயர்த்தியது முற்றிலும் சரியான செயல்.

ஆங்குவில்லாவின் கதை வேறு. அது கடலில் பிறந்து, இலை போலத் தட்டையான ஒளிபுகும் இளவுயிரியாக மிதந்து வந்து, கரையை நெருங்கும்போது கண்ணாடி விலாங்காக உருமாறி, ஆற்றுக்குள் ஏறி, நிறம் பெற்று, மஞ்சள் விலாங்கு என்னும் நிலையில் பல ஆண்டுகளை நன்னீரிலேயே கழிக்கிறது. குளம், கிணறு, ஏரி எதிலும் அது வாழும். உப்பு தேவைப்படுவது வாழ்வின் இறுதியில், இனப்பெருக்கத்துக்காகக் கடலுக்குத் திரும்பும் காலத்தில்தான். எனவே கரைமேடு அவர்கள் உப்பு சேர்க்க வேண்டியதில்லை. நோய் வந்தால் மருந்தாக உப்பைப் பயன்படுத்த முடியும் என்பது இதில் கிடைக்கும் ஓர் உபரி வசதி. விலாங்கு அதை எளிதாகத் தாங்கும்.

மூடிக்காரன்:

பல ஆண்டுகளாக விலாங்கு வளர்ப்பவன் என்ற முறையில், இன்னும் யாரும் தொடாத விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன்: மூடி. தொட்டி விலாங்குகள் நோயால் இறப்பதைவிடத் தரையில் காய்ந்து இறப்பதே அதிகம் என்பது எனது உறுதியான எண்ணம்.

விலாங்கு தோல் வழியாகவும் சுவாசிக்கும். உடல் ஈரமாக இருக்கும்வரை நீருக்கு வெளியே மணிக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஈரமான இரவுகளில் புல்வெளியைக் கடந்து ஒரு நீர்நிலையிலிருந்து இன்னொன்றுக்குச் செல்வது அதன் இயல்பு. குட்டிகள் ஈரப்பசையை மட்டும் பிடிமானமாகக் கொண்டு செங்குத்தான சுவரிலும் ஏறக்கூடியவை. இப்படிப்பட்ட உயிரிக்குக் கண்ணாடிப் பலகையை மேலே சாய்த்து வைப்பது மூடியாகாது. முன்னோக்கி நீந்துவது போலவே பின்னோக்கியும் அது நீந்தும் என்பதால், தலையால் மட்டுமல்லாமல் வாலாலும் இடுக்குகளைத் துழாவிப் பார்க்கும். வால் நுனி நுழைந்துவிட்டால் உடலை வளைத்து நெம்புகோல் போல முறுக்கித் தள்ளும். விளக்கு அணைந்த பிறகு ஒரு முறை கவனியுங்கள்: நீர்மட்டத்துக்கு மேலே கண்ணாடி மூலையில் உடலை ஒட்டி நிமிர்ந்து, மூக்கின் குழல்களால் மூடியின் விளிம்பை ஓர் அங்குலம் கூட விடாமல் தடவிச் செல்லும். அது விளையாட்டன்று, வழி தேடுகிறது.

ஆகவே மூடி நான்கு பக்கமும் பொருந்தி, பூட்டோ கொக்கியோ போட்டதாக இருக்க வேண்டும். வடிகட்டிக் குழாய், காற்றுக்குழாய், மின்கம்பி ஆகியவை நுழையும் ஓட்டைகளை மறந்துவிடுகிறார்கள். அவற்றில் கரடுமுரடான வடிகட்டிப் பஞ்சை இறுக்கி அடைத்து, வெளிப்புறம் நெகிழித் தகட்டால் பிடித்து வையுங்கள். பஞ்சை மட்டும் நம்பினால் அதைத் தள்ளிவிடும். நீர்மட்டத்தை விளிம்பிலிருந்து 10 செ.மீ. குறைத்து வைத்தால் அதற்கு நெம்பிடம் கிடைப்பது கடினமாகும். வடிகட்டியின் உறிஞ்சுகுழல் வாயையும் பஞ்சால் மூடுங்கள். குட்டி விலாங்கு அதற்குள் புகுந்து வடிகட்டிப் பெட்டிக்குள் குடியிருப்பது அரிதான நிகழ்ச்சி அன்று. ஹீட்டர் வைக்க நேர்ந்தால் காப்புக் கூடு போட்டதாக இருக்கட்டும். இரவெல்லாம் அதன்மேல் சுருண்டு படுத்து வயிற்றைச் சுட்டுக்கொள்ளும்.

தொட்டியின் அளவைப் பற்றி ஒரு சொல். குறுந்துடுப்பு இனங்களில்கூடப் பெண் 70 செ.மீ.க்கு மேல் வளரும். ஐரோப்பிய இனம் ஒரு மீட்டரையும் எட்டும். பளிங்கு விலாங்கு எனப்படும் மார்மொராட்டா 2 மீட்டர் வரை போகும். 120 செ.மீ. தொட்டி குட்டிக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் தாங்கலாம். அதன்பின் 180 செ.மீ. நீளமும் 60 செ.மீ. அகலமும் குறைந்தபட்சம். உயரம் இங்கே முக்கியமன்று, தரைப்பரப்புதான் கணக்கு.

கரைமேடு:

மிக்க நன்றி. தரைக்கு என்ன போட வேண்டும்? தொட்டியில் வேரூன்றிய செடிகள் நிறைய இருக்கின்றன.

மூடிக்காரன்:

மென்மணல், குறைந்தது 7 செ.மீ. ஆழத்துக்கு. செதில்கள் தோலுக்குள் புதைந்த மிக நுண்ணியவை என்பதால், கூர்மையான சரளையில் உரசினால் வழுவழுப்புப் படலம் கிழிந்து அங்கே பூஞ்சை பிடிக்கும். வேரூன்றும் செடிகளை மறந்துவிடுங்கள்; ஒரே இரவில் மிதக்கும். அனுபியாஸ், ஜாவா பெரணி போன்றவற்றை மரக்கட்டையில் கட்டி வைக்கலாம். கற்களை மணலின்மேல் வைக்காமல் முதலில் அடிக்கண்ணாடியில் அமர்த்திவிட்டுப் பிறகு மணலைக் கொட்டுங்கள். அடியில் தோண்டினால் கல் சரிந்து மீன்மேலோ கண்ணாடிமேலோ விழும். பதுங்க பிவிசி குழாயைவிடச் சிறந்தது எதுவும் இல்லை. அழகு பார்ப்பவர்கள் அதன்மேல் மணலை ஒட்டிக்கொள்ளட்டும்.

இரைக்கை:

உணவு பற்றி நான் எழுதுகிறேன். அதோடு டெட்ராக்களின் கதியும் முடிந்துவிடும்.

வாய்க்குள் அடங்கும் எதையும் விலாங்கு இரவில் உண்ணும். 20 செ.மீ. குட்டி இன்று டெட்ராவைத் துரத்தாமல் இருக்கலாம். அடுத்த ஆண்டு ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். வாய்க்குள் அடங்காததும் பாதுகாப்பில் இல்லை. பெரிய இரையை அது கவ்விப் பிடித்துக்கொண்டு, தன் உடலை நீளவாக்கில் வேகமாகச் சுழற்றித் துண்டாகத் திருகி எடுக்கும். ஓர் இறால் துண்டை இடுக்கியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நீட்டிப் பாருங்கள்: முதலில் மூக்கு, பிறகு ஒரு கவ்வல், பிறகு கண்ணால் தொடர முடியாத ஒரு சுழற்சி, இடுக்கியில் பாதித் துண்டுதான் மிச்சம் இருக்கும். தூங்கும் சிக்லிட்டின் துடுப்பில் இதைச் செய்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. எனவே தனித்தொட்டிதான். இரண்டு விலாங்குகளை ஒன்றாக விடுவதும் அளவு வேறுபட்டால் ஆபத்து. சிறியதைப் பெரியது தின்னும்.

புதிதாக வந்த விலாங்கு வாரக்கணக்கில் உண்ணாமல் இருப்பது இயல்பு. அதற்காகப் பதறி உயிருள்ள இரைமீன்களைக் கொட்டாதீர்கள். அவை ஒட்டுண்ணிகளைக் கொண்டுவரும். விளக்கை அணைத்து அரைமணி நேரம் கழித்து, நறுக்கிய மண்புழுவைக் குழாயின் வாயருகே வையுங்கள். கண்ணைவிட மூக்கையே நம்பும் மீன் இது. மண்புழுவின் மணத்தை அது மறுப்பது அரிது. பூச்சிக்கொல்லி தெளித்த தோட்டத்து மண்புழு வேண்டாம்.

பழகியபின் வகைகளை மாற்றிக் கொடுக்க வேண்டும். இறாலையும் சில வகை மீன்களின் பச்சை இறைச்சியையும் மட்டுமே தொடர்ந்து கொடுத்தால், அவற்றில் உள்ள தையமினேஸ் என்னும் நொதி வைட்டமின் பி1-ஐச் சிதைத்துவிடும். மாதங்கள் கழித்து நரம்புக் கோளாறாக வெளிப்படும். மூழ்கும் குருணை உணவுக்குப் பழக்குவது கடினம்போலத் தோன்றினாலும் இயலும். பண்ணைகளில் வளரும் விலாங்குகள் மீன்மாவுப் பசையைத் தின்றே பெரிதாகின்றன. குட்டிக்கு ஒருநாள் விட்டு ஒருநாள், வளர்ந்ததற்கு வாரம் இருமுறை போதும். மீந்த உணவை அன்றிரவே எடுத்துவிடுங்கள்.

சுவையான செய்தி ஒன்று: ஒரே இனத்து ஐரோப்பிய விலாங்குகளில் அகன்ற தலை, குறுகிய தலை என இரு வடிவங்கள் உண்டு. மீன் போன்ற பெரிய, கடினமான இரையை உண்டு வளர்ந்தவற்றுக்குத் தலை அகலும். புழு, சிறு பூச்சி எனத் தின்றவற்றுக்குக் குறுகலாக அமையும்.

ஆற்றேற்றம்:

எல்லோரும் எப்படி வளர்ப்பது என்றே பேசுகிறீர்கள். வளர்க்கத்தான் வேண்டுமா என்பதை நான் கேட்க விரும்புகிறேன்.

கரைமேடு பார்த்த அந்தக் குட்டி ஏதோ ஓர் ஆற்று வாயில் வலையில் அகப்பட்டது. இதில் ஐயத்துக்கு இடமே இல்லை. ஏனென்றால் உலகில் வணிக அளவில் யாரும் விலாங்கை இனப்பெருக்கம் செய்வதில்லை. பண்ணை விலாங்கு என்பதும் கடலோரத்தில் பிடித்த கண்ணாடி விலாங்கைப் பண்ணையில் கொழுக்க வைத்ததுதான். 1876-இல் இளைஞராக இருந்த சிக்மண்ட் ஃபிராய்டு, டிரியெஸ்டெ நகரில் சுமார் 400 விலாங்குகளை அறுத்துப் பார்த்தும் ஆணின் விந்தகத்தை ஐயமற உறுதிப்படுத்த முடியவில்லை. ஜப்பானில் ஹார்மோன் ஊசி போட்டு 1973-இல் முட்டை பொரிக்க வைத்தார்கள். அப்படிப் பிறந்தவற்றையே வளர்த்து அடுத்த தலைமுறையையும் பெற்று வட்டத்தை முழுமையாக்கியது 2010-இல்தான். இளவுயிரிகளுக்குச் சுறா முட்டைக் கூழை ஊட்டி வளர்க்க வேண்டியிருந்தது. வீட்டுத் தொட்டியில் இதற்குக் கனவிலும் வழியில்லை.

ஐரோப்பிய விலாங்கு 2008 முதல் மிக அருகிய இனமாகப் பட்டியலிடப்பட்டுள்ளது. ஆறுகளுக்கு வந்து சேரும் கண்ணாடி விலாங்குகளின் அளவு 1980-க்கு முன்பிருந்ததில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே விழுந்துவிட்டது. காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தை நெறிப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் கட்டுப்பாடு 2009 முதல் அதற்கு உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே அதை அனுப்புவதும் 2010 இறுதியிலிருந்து நிறுத்தப்பட்டிருக்கிறது. ஜப்பானிய, அமெரிக்க இனங்கள் 2014-இல் அருகிய இனங்களாக அறிவிக்கப்பட்டன. இவற்றில் ஒன்றைத் தொட்டியில் அடைப்பது, ஒருபோதும் கடலுக்குத் திரும்பாத ஓர் உயிரை அந்தக் கணக்கிலிருந்து கழிப்பதாகும்.

மூடிக்காரன்:

ஆற்றேற்றம் சொல்வதில் பெரும்பகுதியை ஏற்கிறேன், முடிவை ஏற்கவில்லை. தொட்டிக்காகப் பிடிக்கப்படுபவை, உண்பதற்காகப் பிடிக்கப்படுபவற்றின் பக்கத்தில் வைத்துப் பேசத்தக்கவையே அல்ல. அணைகளும் நீர்மின் நிலையச் சுழலிகளும் கொல்பவையும் அப்படித்தான். மார்மொராட்டா இன்னும் அபாயப் பட்டியலில் இல்லை. எந்த இனம், எங்கே பிடித்தது, வைத்திருக்கச் சட்டம் இடம் தருகிறதா என்று விற்பவரிடம் கேட்டுத் தெளிவான பதில் கிடைத்தால், நன்றாக வளர்க்கத் தெரிந்தவர் ஒன்றை வளர்ப்பதில் குற்றம் காண மாட்டேன்.

ஆற்றேற்றம்:

அந்தத் தெளிவான பதில் எத்தனை பேருக்குக் கிடைத்திருக்கிறது என்பதுதான் என் கேள்வி. பைகலரும் அச்சுறுத்தலை நெருங்கிய இனமாகவே வகைப்படுத்தப்பட்டிருக்கிறது. குட்டிகளை இனம் பிரிப்பது வல்லுநர்களுக்கே கடினம்; விற்பவர் சொல்லும் பெயரில் என்ன உறுதி இருக்கிறது? நாம் இதில் உடன்படப் போவதில்லை. கரைமேடு இரு பக்கத்தையும் படித்துக்கொள்ளட்டும்.

மருந்துப்பெட்டி:

கையாளுதல் பற்றிச் சுருக்கமாக. வலையால் பிடிக்க முயலாதீர்கள். வழுவழுப்புப் படலம் உரியும், மீனும் அகப்படாது. அது தானாகப் புகுந்திருக்கும் பிவிசி குழாயின் இரு முனைகளையும் நீருக்குள்ளேயே கையால் அடைத்து, குழாயோடு தூக்கி வாளிக்கு மாற்றுங்கள். வாளிக்கும் மூடி வேண்டும். விலாங்கின் பச்சை இரத்தம் நச்சுத்தன்மை கொண்டது. கண்ணிலோ காயத்திலோ பட்டால் கடும் எரிச்சலை உண்டாக்கும். சமைத்தால் அந்த நச்சு அழிந்துவிடும் என்பதால் உண்பவர்களுக்குச் சிக்கல் இல்லை. ஆனால் அடிபட்ட மீனை வெறுங்கையால் தொட்டுவிட்டுக் கண்ணைத் தேய்க்க வேண்டாம்.

வெண்புள்ளி நோய்க்கு மாலகைட் பச்சை, செம்புச் சேர்மங்கள் போன்றவற்றை முழு அளவில் போடாதீர்கள். முதலில் உப்பும் நீர்மாற்றமும். அதற்குக் கேட்காவிட்டால் பாதி அளவு மருந்து. காற்றுப்பையில் வாழும் அங்குவில்லிக்கோலா என்னும் உருளைப்புழு ஒன்று உண்டு. ஜப்பானிய விலாங்கு அதைப் பெருந்தீங்கின்றித் தாங்கும். 1980-களில் அது ஐரோப்பாவுக்குச் சென்றபோது அங்குள்ள விலாங்குகள் பெரிதும் பாதிக்கப்பட்டன. வளர்ப்பு விலாங்கை எந்தச் சூழலிலும் ஆற்றிலோ குளத்திலோ விடக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

கரைமேடு:

அது பெரிதாகி, என்னால் வைத்திருக்க முடியாமல் போனால் என்ன செய்வது? எத்தனை ஆண்டுகள் வாழும்?

மூடிக்காரன்:

இயற்கையில் 10 முதல் 20 ஆண்டுகள் நன்னீரில் இருந்துவிட்டுக் கடலுக்குப் போகும். போக முடியாதபடி அடைபட்டால் வாழ்நாள் நீளும். சுவீடனில் ஹெல்சிங்போரி அருங்காட்சியகத் தொட்டியில் இருந்த புட்டே என்ற விலாங்கு 1948-இல் இறந்தபோது அதன் வயது 80-க்கு மேல் என்று கூறப்பட்டது. அந்தக் கணக்கை அப்படியே நம்பாவிட்டாலும், உங்கள் பிள்ளைகளிடம் ஒப்படைக்க வேண்டிய மீன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இடையில் ஒரு கட்டம் வரும். கண்கள் பெரிதாகும், வயிறு வெள்ளியாக மின்னும், முதுகு கருக்கும், உணவில் நாட்டம் போகும், இரவெல்லாம் கண்ணாடியோரம் ஓயாமல் நீந்தும். நோய் என்று எண்ணி மருந்து போடுகிறார்கள். அது நோயன்று, கடலுக்குப் போகும் பருவம். அப்போது குடல் சுருங்கத் தொடங்கிவிடும். சில விலாங்குகள் அதிலிருந்து மீண்டு மறுபடியும் உண்ணத் தொடங்கும், சில மீள்வதில்லை. மூடி அதிகம் சோதிக்கப்படுவதும் அப்போதுதான். வைத்திருக்க இயலாமல் போனால், பொது மீன்காட்சியகத்தையோ பெரிய தொட்டி உள்ள வளர்ப்பாளரையோ முன்கூட்டியே பேசி வையுங்கள். ஒரு மீட்டர் விலாங்கை ஏற்றுக்கொள்ள வரிசையில் நிற்பவர்கள் யாரும் இல்லை.

கரைமேடு:

விற்பவரிடம் இனத்தையும் பிடித்த இடத்தையும் கேட்டேன். இரண்டுக்கும் பதில் இல்லை. எனவே அந்தக் குட்டியை வாங்கவில்லை. இந்தத் தொட்டியை இப்படியே விட்டுவிட்டு, 180 செ.மீ. தொட்டியைத் தனியாக அமைக்கும் வேலையைத் தொடங்குகிறேன். தொட்டி நிலைபெறுவதற்குள் மூலம் தெரிந்த மார்மொராட்டா கிடைத்தால் பார்க்கலாம். கிடைக்காவிட்டால் நெருப்பு ஆரல் ஒன்றை அதில் விடுவேன். மூடி போதுமானதா என்று மீன் விடுவதற்கு முன்பே எப்படிச் சோதிப்பது?

மூடிக்காரன்:

நெருப்பு ஆரலும் ஒரு மீட்டர் வளரும், அதுவும் வெளியேறும்; ஆகவே வேலை வீணாகாது. மூடியைப் பூட்டிவிட்டு, ஈரத்துணியைக் கயிறுபோல முறுக்கி ஒவ்வொரு ஓட்டையிலும் விளிம்பிலும் நுழைத்துப் பாருங்கள். சுண்டுவிரல் தடிமனுள்ள துணி எங்கே நுழைகிறதோ அங்கே அடையுங்கள். பிறகு மூடியின் இரு மூலைகளைப் பிடித்து எதிரெதிராக முறுக்குங்கள். நடுவில் வளைந்து இடைவெளி தெரிந்தால், குறுக்கே இன்னொரு கொக்கி தேவை.